வி.பி.என். போட்டால் வகுப்பு தெளியுமா?



2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியது முதல் இயங்கலை வகுப்பு நமக்குப் பழகிவிட்டது. அதோடு ஓர் அறிவுரையும் புலனக் குழுக்களில் சுற்றுகிறது: “லைன் ஸ்லோவா இருந்தா வி.பி.என். போடுங்க, கிளாஸ் தெளிவா வரும்.” இதைச் சற்று உரசிப் பார்ப்போம்.

புக்கிட் ரோத்தான் பக்கம் ஒரு தோட்ட வீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். சுற்றிலும் செம்பனை, கோபுரமோ தொலைவில். கைப்பேசியில் ஒரு கோடு, இரண்டு கோடுதான் வரும். சிக்கல் வீட்டுக்கும் கோபுரத்துக்கும் இடையில் இருக்கிறது. வி.பி.என். போட்டாலும் தரவு அதே வழியாகத்தான் வெளியே போகவேண்டும். அந்த இடத்தில் அது எதையும் சரிசெய்யாது. அறிவுரையின் முதல் பிழை இது.

இரண்டாவது பிழை, தூரத்தை மறந்தது. வி.பி.என். உங்கள் குரலை வேறோர் உறைக்குள் வைத்துப் பூட்டி, முதலில் தன் வழங்கிக்கு அனுப்புகிறது. இலவசச் செயலி பிராங்க்பர்ட் வழங்கியைப் பிடித்துவிட்டது என்று வையுங்கள். இங்கிருந்து அது ஏறக்குறைய 10,000 கிலோமீட்டர். கண்ணாடி இழையில் ஒளி நொடிக்குச் சுமார் 2,00,000 கிலோமீட்டர் ஓடும். வகுப்பின் வழங்கி சிங்கப்பூரில் இருந்தால், குரல் ஐரோப்பா போய்த் திரும்பிவரவே குறைந்தது 100 மில்லிநொடி ஆகும். கம்பிவடம் நேர்க்கோட்டில் போவதில்லை. ஆகவே இன்னும் கூடும். இயல்பான உரையாடலுக்கு ஒருவழித் தாமதம் 150 மில்லிநொடிக்குள் இருப்பது நல்லது என்கிறது அனைத்துலகத் தொலைத்தொடர்பு ஒன்றியம்.

அப்படியானால் அறிவுரை முழுப் பொய்யா? இல்லை. சில வேளைகளில் இணையச் சேவையாளரின் பாதை நெரிசலாக இருக்கும். அருகிலுள்ள, கூட்டமில்லாத வி.பி.என். வழங்கி அதைச் சுற்றிக்கொண்டு போக உதவலாம். ஆனால் அது விதிவிலக்கு. விதிவிலக்கை விதியாக்கியதுதான் தவறு.

இதனால் என்ன நட்டம் என்று கேட்கலாம். ஆசிரியர் கேள்வி கேட்கிறார். மாணவனின் பதில் தாமதமாக வருகிறது. அதற்குள் ஆசிரியர் அடுத்த பெயரைக் கூப்பிட்டுவிடுகிறார். “டீச்சர், நான் சொன்னேன்” என்ற குரல் யார் காதிலும் விழுவதில்லை. பதில் தெரிந்த பிள்ளைக்குக் ‘கவனமில்லை’ என்ற பெயர் ஒட்டிக்கொள்கிறது.

ஆகவே சோதித்துப் பாருங்கள். ஒரே இடம், ஒரே நேரம்: வி.பி.என். போட்டு இரண்டு நிமிடம், அணைத்து இரண்டு நிமிடம் பேசுங்கள். எது தெளிவோ அதையே வையுங்கள். படம் பார்க்கப் போட்ட வி.பி.என்.-ஐ வகுப்புக்குமுன் அணைக்க மறந்துடாதீங்க. இன்னும் திக்கினால் கேமராவை அணையுங்கள்; ஸூம் கணக்குப்படி குரலுக்கு மட்டும் நொடிக்கு 60 முதல் 80 கிலோபிட் போதும்.

தேர்வு மாணவர்களுக்கு ஒரு சொல். இயங்கலைக் கல்வி பற்றிய கட்டுரையில் ‘இணைய வேகம் குறைவு’ என்று மட்டும் எழுதி நிறுத்தாதீர்கள். வேகம் வேறு, தாமதம் வேறு, வழியில் தரவு தொலைவது வேறு. மூன்றையும் பிரித்து, நம் தோட்டத்து எடுத்துக்காட்டோடு எழுதினால் கருத்து நிற்கும்.