வள்ளத்தில் எஞ்சினை எங்கே மாட்டுவது?

பாய் கட்டி ஓடும் சிறு படகுக்கு அவுட்போர்டு எஞ்சின் வாங்கக் கிளம்புகிறவர்கள் எந்தக் கம்பெனி, எத்தனை ஹெச்.பி., பெட்ரோலா மண்ணெண்ணெயா என்று மாதக்கணக்கில் விசாரிப்பார்கள். எஞ்சினைப் படகில் எங்கே, எதில் மாட்டுவது என்ற பேச்சு பணம் கட்டி முடித்த பிறகுதான் வரும். என் கணக்கில் அதுதான் முதலில் வர வேண்டிய பேச்சு. தண்டின் நீளம், எஞ்சினின் எடை, சுக்கானின் இடம், வலை இழுக்கும் பக்கம் எல்லாம் மாட்டும் இடத்தைப் பொறுத்தே அமையும். தூத்துக்குடிக் கரையை வைத்து இதைப் பார்க்கலாம். இந்தக் கேள்விக்கான விடைகளில் பெரும்பாலானவற்றை இங்குள்ள படகுகளிலேயே பார்க்க முடிகிறது.

தூத்துக்குடியில் கடைசியாக முத்துக்குளிப்பு நடந்தது 1961இல். அதுவரை மார்ச், ஏப்ரல் மாதங்களில் கடல் அடங்கியிருக்கும்போது, நள்ளிரவுக்கு மேல் வீசும் கரைக்காற்றில் வள்ளங்கள் கிளம்பும். விடியும்போது முத்துச்சிப்பி விளையும் முத்துப்பாரில் நிற்கும். குளிப்பு முடிந்ததும் கடற்காற்றைப் பாயில் வாங்கிக்கொண்டு திரும்பும். காற்றின் இந்த ஒழுங்கு இன்றும் மாறவில்லை. அப்படி ஓடும் படகுக்கு எஞ்சின் தேவைப்படும் நேரம் கொஞ்சம்தான்: ஒரு காற்று அடங்கி மறு காற்று எழும் இடைவெளி, எதிர்நீரோட்டம், துறைமுக வாயில். இன்று திரேஸ்புரத்திலிருந்தோ தருவைக்குளத்திலிருந்தோ போகும் மீன்பிடி வள்ளத்தின் கதை வேறு. கரையில் முடுக்கிய எஞ்சின் பெரும்பாலும் கரை திரும்பிய பிறகுதான் அணைகிறது. பாய் இருந்தால் அது எஞ்சின் பழுதாகும் நாளுக்கானது. முதல் படகில் எஞ்சின் பாய்க்குத் துணை, இரண்டாவதில் பாய் எஞ்சினுக்குத் துணை. இரண்டுக்கும் ஒரே தாங்கியைச் சிபாரிசு செய்கிறவர் இரண்டு படகிலும் ஏறியிருக்க மாட்டார்.

மேலைநாட்டுப் படகு இதழ்கள் ஏறக்குறைய ஒருமித்துப் பரிந்துரைப்பது, பின்பலகையில் ஸ்பிரிங் வைத்துத் தூக்கி இறக்கும் பிராக்கெட்டை. அது தவறான பரிந்துரை இல்லை. ஆனால் அது முதல் வகைப் படகுக்காக எழுதப்பட்டது.

தாங்கிகளுக்குப் போகுமுன் எஞ்சின் அளவைத் தீர்த்துவிட வேண்டும், ஏனென்றால் எடை அதிலிருந்துதான் வருகிறது. நீரைப் பிளந்து செல்லும் கனத்த வள்ளத்துக்கு வேக வரம்பு ஒன்று உண்டு. நீர்மட்டத்தில் அதன் நீளம் 22 அடி என்றால், 22இன் வர்க்கமூலத்தை 1.34ஆல் பெருக்க வேண்டும். மணிக்குச் சுமார் 6.3 கடல்மைல். அதற்கு மேல் போக எத்தனை குதிரையைப் பூட்டினாலும் எண்ணெய்தான் எரியும். சுமையோடு இரண்டு டன் வரும் வள்ளத்துக்கு 6 முதல் 8 ஹெச்.பி. போதும். 8 ஹெச்.பி. டூ ஸ்ட்ரோக் எஞ்சின் சுமார் 27 கிலோ. ஃபோர் ஸ்ட்ரோக்கில் 10 ஹெச்.பி.க்குப் போனால் எடை 40 கிலோவைத் தொடும். கௌரவத்துக்காக ஏற்றிக்கொள்ளும் அந்த 2 ஹெச்.பி.யும் ஃபோர் ஸ்ட்ரோக்கும் சேர்ந்து தாங்கியின் மேல் 13 கிலோவாக உட்கார்ந்துகொள்கிறது.

இனி ஒவ்வொன்றாக. தட்டையான பின்பலகை உள்ள ஃபைபர் படகில் நேரடியாகப் பலகையில் கவ்வவைத்துத் திருகிவிடுவது மிக எளிது, செலவும் குறைவு. நாள் முழுக்க எஞ்சினில் ஓடுகிறவருக்கு இதைவிட வேறென்ன வேண்டும் என்று கேட்டால் பதில் சொல்வது கடினம். பாய் விரித்தவுடன்தான் சிக்கல். எஞ்சினின் கால் நீரில் கிடந்தால் படகை இழுத்துப் பிடிக்கும். இளங்காற்றில் மணிக்கு அரைக் கடல்மைல் குறைவதைச் சுக்கான் பிடிக்கிறவர் கையிலேயே உணர்வார். சாய்த்து உயர்த்தினால் எஞ்சினின் தலை படகுக்குள் கவிழ்ந்து சுக்கான் கைப்பிடியின் வழியை மறிக்கும். இன்னொரு குறை, உயரம். கால் நீளம் 15, 20, 25 அங்குலம் என்றுதான் கடையில் கிடைக்கிறது. கரையோரம் ஓடும் வேகப் படகுகளில் காற்றாடிக்கு (புரொப்பெல்லருக்கு) மேலுள்ள தட்டு படகின் அடிமட்டத்தை ஒட்டி இருந்தால் போதும். கனத்த பாய்ப் படகில், படகு நிலையாக நிற்கும்போது அந்தத் தட்டு நீர்மட்டத்துக்குக் கீழே குறைந்தது நாலைந்து அங்குலம் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் படகின் பின்முனையான கடையால் அலையில் எழும்போதெல்லாம் காற்றாடி காற்றைக் கடைந்து அலறும். உயரமான பின்பலகையில் 15 அங்குலக் கால் உள்ள எஞ்சினை மாட்டிவிட்டு அலறுகிறதே என்று மெக்கானிக்கைத் தேடுவது, செருப்பு கடிக்கிறது என்று காலைச் சீவப் போவது மாதிரி.

ஸ்பிரிங் பிராக்கெட் இந்த இரண்டு குறைக்கும் பிறந்தது. இரு ஜோடிக் கைகள் இணையாக மடங்கி, எஞ்சினை நிமிர்ந்த நிலையிலேயே ஓர் அடிக்கு மேல் தூக்கும். கீழே இறக்கினால் காற்றாடி ஆழத்தில், ஏற்றினால் கால் பெரும்பாலும் நீருக்கு வெளியே. இது எஞ்சினைக் கடையாலிலிருந்து இன்னும் ஓர் அடி பின்னே தள்ளுவதால் ஆட்டம் கூடும் என்று குறை சொல்வார்கள். கணக்குப் போட்டால் அது பெரிய குறை இல்லை. படகு ஆடும் மையத்திலிருந்து மூன்றரை மீட்டர் பின்னே எஞ்சின் இருக்கிறது, படகு 5 பாகை ஆடுகிறது என்றால் காற்றாடி சுமார் 30 சென்டிமீட்டர் ஏறி இறங்கும். ஓர் அடி தள்ளியதால் கூடுவது இரண்டரை, மூன்று சென்டிமீட்டர்.

உண்மையான குறை போல்ட்டில் இருக்கிறது. அதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். 40 கிலோ எஞ்சின் பலகையிலிருந்து 35 சென்டிமீட்டர் வெளியே தொங்குகிறது. அலையிலிருந்து படகு விழும்போது அந்த எடை மூன்று மடங்காகத் தெரியும் என்று வைத்தால், 120 கிலோ, 35 சென்டிமீட்டர் நெம்புகோல். இந்த நெம்பு பிராக்கெட்டின் மேல் விளிம்பைப் பலகையிலிருந்து பிய்க்கப் பார்க்கிறது, கீழ் விளிம்பைப் பலகைக்குள் அமுக்குகிறது. அதே நேரத்தில் அறுபது எழுபது சென்டிமீட்டர் கீழே காற்றாடி படகை முன்னே தள்ளுகிறது. அந்த உந்துதலும் அதே திசையில்தான் நெம்புகிறது: கீழே உள்ளே, மேலே வெளியே. ஒன்றையொன்று ஈடுகட்டும் என்று நினைத்தால் ஏமாற்றம், இரண்டும் கூடுகின்றன. உந்துவிசை 80 கிலோ என்று கொண்டு, மேல் போல்ட்டுக்கும் கீழ் போல்ட்டுக்கும் 20 சென்டிமீட்டர் இடைவெளி என்றால், மேல் வரிசை போல்ட்டுகளை இழுக்கும் விசை அரை டன்னை நெருங்குகிறது. சிறிய வாஷர் போட்டு ஃபைபர் தோலில் இறுக்கிய போல்ட் இதைப் பல நாள் தாங்காது. முதலில் துளை லேசாக நீள்வட்டமாகும். அந்த வழியாக உப்பு நீர் உள்ளே இருக்கும் பலகைக்குப் போகும். வெளித்தோல் பளபளப்பாக இருக்க, உள்பலகை ஈரத்தில் உளுத்துக்கொண்டிருக்கும். பின்பலகையைச் சுத்தியலால் மெல்லத் தட்டினால் நல்ல இடம் கணீரென்றும் உளுத்த இடம் மந்தமாகவும் ஒலிக்கும். பழைய படகு வாங்குகிறவர் எஞ்சினைக் கிளப்பிப் பார்க்கும் முன் இதைச் செய்வது நல்லது. புதிதாகப் பொருத்துகிறவர் உட்புறம் முக்கால் அங்குல மரைன் பிளைவுட்டை அகலமாக வைத்து, அதைப் படகின் விலா எலும்பான வங்குக்கால்களோடு இணைத்து, துளைகளை ரெசின் பூசி அடைத்த பிறகே போல்ட் போட வேண்டும். இந்த வேலை நடக்காத பிராக்கெட் எந்த நாட்டு முத்திரை குத்தியிருந்தாலும் நான் சம்மதிக்க மாட்டேன்.

துரு இன்னொரு விஷயம். உப்பளங்களுக்கு நடுவே இருக்கிற ஊர் இது. 304 வகை எவர்சில்வர் இந்தக் காற்றில் பழுப்புக் கண்ணீர் விட ஆரம்பித்துவிடும், 316 வகை கேட்டு வாங்க வேண்டும். அலுமினியக் கைகளில் எவர்சில்வர் போல்ட் போட்டால் இரண்டு உலோகமும் உப்பு நீரில் மின்கலம்போல வேலைசெய்து அலுமினியத்தை அரிக்கும். ஸ்பிரிங் உடைந்தால் மாற்று எங்கே கிடைக்கும்? அதனால்தான் இங்கே லேத் பட்டறையில் செய்கிற, துத்தநாகம் முக்கிய இரும்புப் பிராக்கெட்டை நான் தாழ்வாக நினைப்பதில்லை. ஸ்பிரிங்குக்குப் பதில் கப்பியும் கயிறும் வைத்துத் தூக்கலாம். 27 கிலோவுக்கு அது போதும். பார்வைக்கு அழகில்லை என்பதைத் தவிர அதில் பெரிய குற்றம் இல்லை.

கடையாலும் முன்முனையான அணியத்தைப்போலக் கூம்பிய வள்ளத்துக்குப் பின்பலகையே கிடையாது. அங்கே கை போவது பக்கத் தாங்கிக்கு: விளிம்பின் குறுக்கே ஒரு கட்டையைக் கட்டி, அதன் நுனியில் எஞ்சின். மலிவு, படகை வெட்ட வேண்டாம், அவிழ்த்து வீட்டுக்குக் கொண்டுபோகலாம். பாயும் எஞ்சினும் சேர்ந்து ஓடும்போதுதான் இது தோற்கிறது. நடுக்கோட்டிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி எஞ்சின் இருந்து படகு 15 பாகை சாய்ந்தால், அந்தப் பக்கம் 26 சென்டிமீட்டர் ஏறும் அல்லது தாழும். கச்சான் எனும் மேல்காற்று வீசும் மாதங்களில் 15 பாகை பெரிய சாய்வே இல்லை. ஏறினால் காற்றாடி வெளியே, தாழ்ந்தால் எஞ்சின் தலை அலைக்குள். உந்துதல் ஒரு பக்கமாக இருப்பதால் சுக்கானை எப்போதும் எதிர்ப்பக்கம் பிடித்தே ஓட வேண்டும். வலை ஏற்றும் பக்கம் ஒன்று போய்விடும். சங்கு குளிக்கப் போகிற வள்ளமானால் இதை ஒரேயடியாக மறுக்கிறேன். ஆள் நீரில் இறங்கி ஏறுவதே படகின் பக்கவாட்டில்தான். அங்கே காற்றாடி இருக்கக் கூடாது. கம்பிரசர் காற்றில் மூச்சுவிடும் குளியாளுக்கு, கம்பிரசர் காற்றை உறிஞ்சும் வாய்க்கு அருகே எஞ்சின் புகை வருவதும் உயிர் ஆபத்து.

படகுக்குள் கிணறுபோலத் துளை வெட்டி எஞ்சினை உள்ளே இறக்குவது ஏட்டளவில் அழகான யோசனை. காற்றாடி அலையில் வெளியே வராது, வலையும் மாட்டாது. ஆனால் வள்ளத்தின் முதுகெலும்பு ஏராக்கட்டை. அதை வெட்ட முடியாது, தள்ளி வெட்டினால் கிணறு ஒரு பக்கமாகிவிடும். புகை கிணற்றுக்குள்ளேயே சுழன்று எஞ்சினுக்கு மூச்சுத் திணறும். புதிதாகக் கட்டும் படகில் யோசிக்கலாம். இருக்கிற வள்ளத்தில் வேண்டாம்.

மீதி இருப்பது, தமிழகக் கரையின் ஃபைபர் படகுகளில் பரவலாகக் காணும் லாங்டெயில். சிறு டீசல் எஞ்சின் கடையாலில் ஒரு சுழல் தாங்கியில் உட்கார்ந்திருக்கும், நீண்ட தண்டின் நுனியில் காற்றாடி. கைப்பிடியை அமுக்கினால் காற்றாடி நீரை விட்டு எழுந்துவிடும். மன்னார் வளைகுடாவுக்கு இது எவ்வளவு பொருத்தம் என்பதை வரைபடமே சொல்லும். தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் இடையே வான் தீவு, காசுவார் தீவு என்று 21 தீவுகள், அவற்றைச் சுற்றிப் பவளத் திட்டுகள், கடற்தாழை மேடுகள். தாழை சுற்றிக்கொண்டால் அவுட்போர்டைச் சாய்த்து, கடையாலில் குனிந்து பிடுங்க வேண்டும். லாங்டெயிலைத் தூக்கி உதறினால் பெரும்பாலும் போய்விடும். எண்ணெய்ச் செலவும் அதே ஹெச்.பி. டூ ஸ்ட்ரோக் பெட்ரோல் எஞ்சினோடு ஒப்பிட்டால் ஏறத்தாழ பாதிதான். மீன்பிடி மேம்பாட்டுக்கான வங்காள விரிகுடாத் திட்டத்தின் வல்லுநர்கள் சென்னையிலிருந்து 1980களில் கிழக்குக் கரைக்கு வடிவமைத்த படகிலும் இதே தேவையைத்தான் தீர்க்கப் பார்த்தார்கள். எஞ்சினையும் தண்டையும் ஒரே நீர்புகாப் பெட்டியில் வைத்து, கரையேறும்போது பெட்டியையே சாய்த்துத் தூக்கும் ஏற்பாடு அது. சிறந்த பொறியியல். ஆனால் லாங்டெயிலைக் கரையிலேயே கழற்றிப் பூட்டலாம். அதுதான் ஜெயித்தது.

லாங்டெயிலின் குறைகளை மறைக்கக் கூடாது. சத்தம் காதைப் பிளக்கும். மூடாத தண்டு சுழல்கிறது. கையில் பலம் வேண்டும். பாயோடு சேர்த்து ஓட்டினால் தண்டு வீசும் வட்டத்தில் சுக்கானுக்கு இடமில்லை, சுக்கானைக் கழற்றிவிட்டு எஞ்சினாலேயே திருப்ப வேண்டும். பாய்க்காரருக்கு இது பொறுக்காது.

ஆகவே என் தீர்ப்பு இப்படி. பிழைப்புக்காக எஞ்சினில் ஓடும் படகுக்கு ஸ்பிரிங் பிராக்கெட் வீண் செலவு. தட்டைக் கடையால் இருந்து, ஓடும் நீர் ஆழமானால் பலகையில் நேரடியாக. தீவுகளை ஒட்டித் தொழில் செய்தால் லாங்டெயில். உண்மையாகவே பாயில் ஓடும் 20, 25 அடிப் படகுக்கு, அது பயிற்சிக்கோ தொண்டிக் கரையில் நடப்பதுபோன்ற பாய்மரப் போட்டிக்கோ உல்லாசத்துக்கோ எதுவானாலும், தூக்கி இறக்கும் பிராக்கெட்டைத் தவிர வேறு எதையும் சொல்ல மாட்டேன். அதைச் சுக்கானிலிருந்து ஒரு பக்கம் ஓரடியாவது தள்ளி, 20 அங்குலக் காலும் 8 ஹெச்.பி.க்கு மிகாத எஞ்சினுமாக வைக்க வேண்டும். பிராக்கெட்டில் குறித்த எடை வரம்பு எஞ்சினின் எடையைவிடக் கால்பங்காவது கூடுதலாக இருக்கட்டும். கூம்பிய வள்ளத்தில் பாய் ஓட்டுகிறவருக்குப் பக்கத் தாங்கியை ஒரே நிபந்தனையில் ஒப்புக்கொள்கிறேன்: காற்று செத்த நேரத்திலும் துறைக்குள்ளும் மட்டும் எஞ்சின், பாய் ஏறியதும் எஞ்சின் கழன்று படகின் நடுவில் படுத்துவிட வேண்டும். 27 கிலோ என்றால் இருவர் தூக்கலாம். 40 கிலோவை ஆடும் வள்ளத்தில் யாரும் தூக்கப் போவதில்லை. அது தாங்கியிலேயே கிடக்கும், சாய்ந்த பக்கம் கடல் குடிக்கும்.