படத்துக்கு முன்னால் வந்துவிடும் குறிப்பு

கொச்சி–முசிறிஸ் பினாலே என்ற கலைக் கண்காட்சியோடு சேர்ந்து நடக்கும் மாணவர் பினாலேயைக் குறை சொன்னால் உடனே ஒரு பதில் வரும்: "அரசுக் கல்லூரிப் பிள்ளைகளுக்கு இப்படியொரு மேடை வேறு எங்கே கிடைக்கும்?" மேடை கிடைத்துவிட்டது என்பதாலேயே எல்லாம் சரியாகிவிடாது. அதில் ஏறுவதற்காகப் பிள்ளைகள் எதைப் பழகிக்கொள்கிறார்கள், எதைக் கைவிடுகிறார்கள் என்று கேட்டாக வேண்டும்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். 2014இல் தொடங்கிய இந்த ஏற்பாடு, காலரிக்காரர்கள் எட்டிப் பார்க்காத அரசுக் கலைக் கல்லூரிகளைத் தேடிப் போனது. கும்பகோணத்தில் படிப்பவருக்கு வடகிழக்கில் படிப்பவரின் வேலையை நேரில் பார்க்க வாய்த்தது. அச்சில் மட்டுமே கண்ட கலைஞர்களின் மூலப் படைப்புகளும் அதே கொச்சியில், நடந்துபோகும் தூரத்தில் இருந்தன. இதையெல்லாம் நான் மறுக்கவில்லை.

என் மறுப்பு வேறு, நெடுநாளாக இருப்பது. கூட்டுக் கண்காட்சி என்றால் இப்போது முதலில் ஒரு பொதுக் கருப்பொருள் வருகிறது. நிலம், நினைவு, உடல், இடப்பெயர்வு என்று அது பெரும்பாலும் நாலைந்து சொற்களுக்குள்தான் சுழலும். அதை ஒட்டி மாணவர் ஒரு முன்மொழிவு எழுத வேண்டும். தேர்வு நடப்பது அந்தத் தாளை வைத்து. தாளில் சொன்னதைச் செய்து காட்டுவதுதான் படைப்பு என்றாகிவிடுகிறது. கை மண்ணைத் தொடுவதற்கு முன்பே அந்த மண்ணுக்கு என்ன பொருள் என்று முடிவாகியிருக்கிறது. 2018ஆம் ஆண்டு மாணவர் பினாலேயின் தலைப்பே 'செய்தலே சிந்தித்தல்' என்ற பொருளில்தான் இருந்தது. அந்தத் தலைப்பை உண்மையாகவே எடுத்துக்கொண்டால் முன்மொழிவு கேட்கும் வழக்கத்தையே விட்டுவிட வேண்டியிருக்கும்.

பொருள் முதலிலேயே கையில் இருப்பதில்லை என்பதற்கு நம் ஊரிலேயே சான்று உண்டு. சென்னை அரசுக் கவின்கலைக் கல்லூரி 1850இல் அலெக்சாண்டர் ஹண்டர் தொடங்கிய கைத்தொழில் பள்ளியிலிருந்து வளர்ந்தது. அங்கே முதல்வராக இருந்த ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர் பிறந்தது 1911இல். 'சொற்களும் குறியீடுகளும்' ஓவிய வரிசையைத் தொடங்கியது 1963இல். அதற்கு முன் எத்தனை நீர்வண்ண நிலக்காட்சிகள், எத்தனை மனித உருவங்கள்! ஐம்பதைத் தாண்டிய பிறகுதான் அந்த வரிசையின் கட்டங்களும் கிறுக்கெழுத்துகளும் வந்தன. இருபது வயதில் அவரிடம் "உங்கள் கருத்து என்ன, இருநூறு சொற்களில் தருக" என்று கேட்டிருந்தால் எதை எழுதியிருப்பார்? கேட்டவருக்குப் பிடித்த எதையாவது எழுதிக் கொடுத்திருப்பார். இன்றைய பிள்ளைகளும் அதைத்தான் செய்கிறார்கள்.

அதுவும் ஆங்கிலத்தில். நம் கல்லூரிகளில் படிக்கிறவர்களில் பலர் தமிழ்வழியில் படித்து, சிற்றூர்களிலிருந்து வந்தவர்கள். படத்துக்கான குறிப்பை யாரோ ஒரு அண்ணன் எழுதிக் கொடுக்கிறார்; அல்லது தொகுப்பாளரே திருத்தித் தருகிறார். படத்தின் பக்கத்தில் ஒட்டியிருக்கும் அந்த வாசகத்தை வரைந்தவராலேயே முழுதாகப் படித்துச் சொல்ல முடிவதில்லை. இதே பழக்கம் இப்போது கிரீம்ஸ் சாலை லலித் கலா அகாதமியில் பத்துப் பேர் சேர்ந்து வாடகை கட்டி நடத்தும் கண்காட்சிகளுக்கும் வந்துவிட்டது. படத்தின் முன் நின்று "இந்த நீலம் ஏன் இவ்வளவு கனமாக இருக்கிறது?" என்று கேட்டால், வரைந்தவரின் கண் சுவரில் ஒட்டிய தாளுக்குப் போகிறது. கோட்டில் கை எங்கே தயங்கியது, அடியில் இருந்த நிறத்தை எதற்காக மூடினோம் என்று சொல்லத் தெரிந்த பிள்ளைகள்தாம். அதை யாரும் கேட்காததால் அது பேசத் தகுந்ததல்ல என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

குறிப்பு கேட்பதால் சிந்தனை கூர்மையாகும் என்பார்கள். நான் பார்த்தவரை கூர்மையானது குறிப்பெழுதும் திறன் மட்டுமே. எழுத வராத பிள்ளை பின்தங்குகிறது. நன்றாக எழுத வருகிற பிள்ளை சுமாரான வேலையோடு முன்னே போகிறது. ஒரு மரச்செதுக்கு அச்சில் கறுப்பும் வெள்ளையும் எப்படி ஒன்றையொன்று தள்ளி நிற்கின்றன என்று பார்க்கத் தெரிந்த கண்ணை இந்த முறை எங்கேயும் மதிப்பிடவில்லை. இதைக் கலைக் கல்வி என்று ஒப்புக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை.

லண்டனில் 1988இல் கோல்ட்ஸ்மித்ஸ் கல்லூரி மாணவர்கள் நடத்திய 'ஃப்ரீஸ்' கண்காட்சியை முன்மாதிரியாகச் சொல்வார்கள். துறைமுகப் பகுதியில் காலியாகக் கிடந்த கட்டடத்தைப் பிடித்து அதை ஏற்பாடு செய்த டேமியன் ஹர்ஸ்ட்டும் அப்போது மாணவர்தான். எதை மாட்டுவது என்பது மாணவர்கள் கையில் இருந்தது. சாந்திநிகேதனில் ஓவியர் நந்தலால் போஸ் பிறந்தநாளை ஒட்டி டிசம்பர் தொடக்கத்தில் நடக்கும் நந்தன் மேளாவிலும் அப்படியே: அங்குள்ள கலைப் பள்ளியான கலாபவனின் மாணவர்களும் ஆசிரியர்களும் தாங்கள் செய்ததைப் பரப்பி வைத்து விற்கிறார்கள், அந்தப் பணம் மாணவர் நலனுக்குப் போகிறது. வாங்க வருகிறவர் பொருளைக் கையில் எடுத்துப் பார்க்கிறார். நல்லதும் சுமாரானதும் அங்கே கலந்துதான் கிடக்கும். கிடக்கட்டும்.

அடுத்த முறை தேர்வுக்கு வருகிற தொகுப்பாளர்கள் முன்மொழிவைக் கேட்காமல் ஸ்கெட்ச் புத்தகங்களைக் கேட்கட்டும். இரண்டு வருடப் புத்தகங்கள், பாழான பக்கங்களைக் கிழிக்காமல். சுவரில் பெயரும் ஊடகமும் ஆண்டும் இருந்தால் போதும். தலைப்பு இல்லாமல் கண்காட்சி சிதறிப்போகும் என்று பயப்படுவார்கள். முப்பது மாணவர்கள் முப்பது திசையில் போய்க்கொண்டிருக்கிறார்கள் என்பது தெரிந்தால் அதில் என்ன கெட்டுவிடும்?