பொன்வண்டு உடுத்திய சீமாட்டி

லண்டன் லைசியம் அரங்கில் 1888 டிசம்பர் இறுதியில் ‘மேக்பெத்’ மேடையேறியபோது, மேக்பெத் சீமாட்டியாக நடித்த எலன் டெர்ரி அணிந்த பச்சை அங்கியைப் பலருக்கும் அறிமுகப்படுத்தியது ஜான் சிங்கர் சார்ஜென்ட் தீட்டிய ஓவியம். அதில் டெர்ரி கிரீடத்தைத் தலைக்கு மேல் உயர்த்திப் பிடித்து நிற்கிறார். நாடகத்தில் அப்படியொரு காட்சியே இல்லை. ஓவியம் அழகுதான். ஆனால் அந்த அங்கியின் அருமை அது அசையும்போதுதான்.

வடிவமைத்தவர் ஆலிஸ் காமின்ஸ் கார்; தைத்தவர் ஏடா நெட்டில்ஷிப். சங்கிலிக் கவசமாகவும் தெரிய வேண்டும், பாம்புச் சட்டையாகவும் மினுங்க வேண்டும் என்பது ஆலிஸின் ஆசை. அதற்கு ஏற்ற துணி கடைகளில் அகப்படவில்லை. பச்சைப் பட்டும் நீல ஜிகினாவும் சேர்ந்த நூலை பொகீமியாவிலிருந்து தருவித்து, குரோஷா ஊசியால் பின்னினார்கள். அப்படியும் மேடைக்குப் போதிய மினுக்கம் வரவில்லை. ஆகவே ஏறத்தாழ 1,000 பொன்வண்டு இறக்கைகளை அதன்மேல் தைத்தார்கள்.

வண்டிறக்கை அன்றைய நாகரிகத்துக்குப் புதிதல்ல. மெல்லிய மஸ்லினில் சரிகையோடு சேர்த்து இலையும் கொடியுமாகத் தைத்த துணிகள் நம் சென்னையிலிருந்தே கப்பலேறின. ராண்டால்ஃப் சர்ச்சில் சீமாட்டியின் உடையில் அதைக் கண்ட நினைவுதான் ஆலிஸுக்கு யோசனை தந்தது. விருந்துடையில் அது அலங்காரம். இங்கே உடல் முழுக்கச் செதில். பாத்திரத்தின் குணத்தையே தோலாகப் போர்த்திவிட்டார் என்று சொல்லத் தோன்றுகிறது.

வெளியே சீமாட்டிகள் இடுப்பை இறுக்கி, பின்புறம் சட்டகம் வைத்துப் பாவாடையை உப்ப வைத்துக்கொண்டிருந்த காலம் அது. (உட்காரவே சிரமப்பட்டிருப்பார்கள்!) டெர்ரியின் அங்கியோ தோளிலிருந்து வழிந்து, உடல் திரும்பினால் தானும் திரும்பும். அரங்கை நடத்திய ஹென்றி இர்விங் வாயுவிளக்கின் பிரியர். அந்த மஞ்சள் ஒளியில் ஒவ்வோர் அடிக்கும் இறக்கைகள் பச்சையும் நீலமுமாக மாறியிருக்கும். அந்த நிறம் சாயமல்ல, நுண்ணிய அடுக்குகளில் ஒளி தெறிப்பதால் வருவது. அதனால்தான் இன்றும் வெளுக்கவில்லை.

மேக்பெத் சீமாட்டி கணவனுக்கும் வேலையாட்களுக்கும் வாங்குவது உள்ளூர்த் துணி, தனக்கு மட்டும் பைசாந்தியத்தில் கடைவீதி உலா என்று ஆஸ்கர் வைல்டு கிண்டலடித்தார். கிண்டல்தான், ஆனால் கூர்மையான விமர்சனம்: மேடையில் மற்ற எதோடும் அந்த உடை ஒட்டவில்லை, ஒட்டவும் கூடாது.

பல ஊர் மேடைகளைப் பார்த்துத் தளர்ந்த அங்கியை 2011இல் சுமார் 1,300 மணி நேர உழைப்பில் சீரமைத்தார்கள். இப்போது கென்ட் பகுதியில், டெர்ரி வாழ்ந்த ஸ்மால்ஹைத் இல்லத்தில் இருக்கிறது. உடைந்த இறக்கைகளைக் கழித்துக்கட்டாமல், ஜப்பானியத் தாளை ஒட்டுப்போட்டுக் காப்பாற்றியிருக்கிறார்கள்.