தேவனூர் நாட்டில் ஒரு நாவல்

கிம் ஸ்டான்லி ராபின்சனின் ‘தி மினிஸ்ட்ரி ஃபார் தி ஃப்யூச்சர்’ (2020) நாவலின் பாதியைக் கொல்லிமலையில், தேவனூர் நாட்டில் ஒரு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து படித்தேன். அங்கே நாடு என்றால் சில ஊர்களின் தொகுதி. நாவலில் நாடு என்றால் இந்தியா.

உத்தரப்பிரதேசத்தில் வெப்ப அலை; இரண்டு கோடிப் பேர் சாகிறார்கள். தப்பிப் பிழைத்து நமக்குச் சாட்சியாகிறவன் ஃப்ராங்க் மே என்கிற அமெரிக்கன். (நம் சாவைச் சொல்லவும் வெளியாள்தான் வேண்டியிருக்கிறது.) பிறகு இந்தியா, ஒப்பந்தத்தை மீறி, விமானங்களை அனுப்பி வான் மேலடுக்கில் கந்தக டை ஆக்சைடைத் தூவுகிறது. 1991இல் பினதுபோ எரிமலை வெடித்துப் பூமி சுமார் அரை டிகிரி குளிர்ந்ததே, அதே வழி.

நாடுகளின் கணக்கை ராபின்சன் சரியாகவே பிடித்திருக்கிறார். புகையைக் குறைத்தால் செலவு எனக்கு, பலன் எல்லோருக்கும். ஆகவே ஒவ்வொருவரும் அடுத்தவர் தொடங்கட்டும் என்று காத்திருக்கிறார்கள். தூவுவதற்குச் செலவு குறைவு, ஒரு நாடே போதும். அதிகம் புகைவிட்டவர்கள் மேற்கில் இருக்கும்போது இந்தியாவின் கோபத்தில் நியாயமும் உண்டு.

என் சண்டை வேறு. தூவுவது புறத்திணை மறம்போல நடந்து முடிகிறது. குறைப்பதோ சூரிக்கில் மேரி மர்ஃபி என்ற பெண்ணின் தலையில்: ஆண்டுக்கணக்கில் கூட்டம், மத்திய வங்கித் தலைவர்களிடம் மன்றாட்டு, பொறுமை. வீட்டுவேலைக்கும் இதே இலக்கணம்தான். மேரியை நாவல் மதிக்கிறது. இந்தப் பங்கீடு எவ்வளவு பழையது என்பதை மட்டும் கவனிக்கவில்லை.

கதைதானே என்று விட முடியாது. கடலில் உரமிடும் சோதனைகள் வேண்டாம் என்று 2008இல் பான் நகர மாநாட்டில் நாடுகள் கூடி முடிவு செய்தன. 2009இல் இந்திய, ஜெர்மானிய விஞ்ஞானிகள் ‘போலார்ஸ்டெர்ன்’ கப்பலில் சென்று, தென்பெருங்கடலில் சுமார் 300 சதுர கிலோமீட்டரில் இரும்பு சல்பேட்டைக் கரைத்தார்கள். பாசி வளர்ந்தது, சிற்றுயிர்கள் தின்றுவிட்டன. ஆழத்துக்குப் போன கரியமிலம் சொற்பம்.

பினதுபோவுக்கு அடுத்த ஆண்டு உலகின் நிலப்பரப்பில் மழை வெகுவாகக் குறைந்தது. சாமை மானாவாரிப் பயிர். அந்த வீட்டு அம்மா விதையை இரண்டு பானைகளில் பிரித்து வைத்திருந்தார். எதற்கு என்றேன். “மொத மழை ஏமாத்திட்டா மறுக்கா வெதைக்கோணுமே, கண்ணு.” இப்போது அவருக்கு விதைக்க அரைக்காடுதான் மிச்சம். மீதியில் மகன்கள் சேகோ ஆலைக்கு மரவள்ளி போட்டுவிட்டார்கள். இவரைக் கேட்கவில்லை.