கட்டக் கொப்பியும் வெள்ளை நோட்டும்

சித்திரை விடுமுறைக்கு யாழ்ப்பாணத்திலிருந்து பக்கத்து வீட்டுக்கு வந்திருந்த பெண், சாயங்காலமானால் என் வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார ஆரம்பித்தாள். திருச்சியில் நான் சொல்லிக்கொடுக்கும் டியூஷன் பெரிய இடமில்லை. ஐந்தாறு பிள்ளைகள், ஒரு கரும்பலகை, மின்சாரம் போனால் ஆளுக்கொரு விசிறி. அவள் தரம் பத்து. எங்கள் பையன்களில் ஒருவன் எட்டாம் வகுப்புப் பரீட்சையை அப்போதுதான் எழுதி முடித்திருந்தான். அவள் கையில் சின்னச் சின்னக் கட்டம் அச்சடித்த கொப்பி; அவன் கையில் கோடே போடாத கணக்கு நோட்டு. இருவருக்கும் ஒரே கணக்கைக் கொடுத்தேன்.

20 மீட்டர் நீளம், 14 மீட்டர் அகலத்தில் ஒரு செவ்வகத் தோட்டம். 14 மீட்டர் பக்கம் ஒன்றில் வெளிப்புறமாக ஓர் அரைவட்டம் ஒட்டியிருக்கிறது. மொத்தப் பரப்பளவு என்ன?

பையன் சடசடவென்று கையாலேயே படம் போட்டான். செவ்வகம் கிட்டத்தட்டச் சதுரமாக வந்தது; அரைவட்டம் அதன் தலையில் குல்லாய் மாதிரி உட்கார்ந்திருந்தது. 20 பெருக்கல் 14, 280. அரைவட்டத்துக்கு 14ஐயே ஆரமாக எடுத்துக்கொண்டு 22/7ஐப் போட்டு, பாதியாக்கி, 308 என்றான். கூட்டினால் 588. விடைக்குக் கீழே இரண்டு கோடு இழுத்து நிமிர்ந்தான். பெருக்கலில் ஒரு பிழையும் இல்லை.

அவள் மெதுவாகத்தான் செய்தாள். கட்டம் ஒன்றுக்கு 2 மீட்டர் என்று வைத்து, 10 கட்டம் நீளம், 7 கட்டம் அகலம், மூன்றரைக் கட்டத்துக்குக் கவராயத்தைத் திறந்து அரைவட்டம். ஆரை 7 மீட்டர், அரைவட்டம் 77, மொத்தம் 357 சதுர மீட்டர். பிறகு அவன் நோட்டை எட்டிப் பார்த்துச் சொன்னாள்: “தம்பி, உன்ர அரைவட்டம் செவ்வகத்தைவிடப் பெரிசா வருதே!”

நான் சொல்லவேண்டிய வார்த்தை அது. அவள் முந்திக்கொண்டாள்.

இதை வைத்து அங்கே படிப்பு உசத்தி, இங்கே மட்டம் என்று எழுதினால் அநியாயம். அவள் இரண்டு வயது மூத்தவள். அந்த இரண்டு வருஷமும் இதே மாதிரிக் கணக்குகளைப் போட்டு வந்தவள். வித்தியாசம் பிள்ளைகளின் மூளையில் இல்லை. கூட்டு வடிவத்தைப் பாடத்திட்டத்தில் எங்கே வைக்கிறார்கள், எவ்வளவு காலம் விடாமல் பிடித்திருக்கிறார்கள் என்பதில் இருக்கிறது.

தமிழ்நாட்டில் ஏழாம் வகுப்பில் இணைகரம், சாய்சதுரம், சரிவகம் வரும். அதே ஆண்டில் வட்டமும், தோட்டத்தைச் சுற்றிய பாதைகளும். எட்டாம் வகுப்பு அளவைகள் பாடத்தில் வட்டக்கோணப்பகுதி வந்து, அதன் பின்னாலேயே கூட்டு வடிவங்கள். அத்தோடு தனிப்பாடம் என்ற நிலை முடிந்துவிடுகிறது. ஒன்பதாம் வகுப்பில் ஹெரான் சூத்திரத்தைக் கொண்டு நாற்கரத்தை மூலைவிட்டத்தால் இரண்டு முக்கோணமாக்கும் இடத்தில் கொஞ்சம் தலைகாட்டும். பத்தாம் வகுப்பில் கூம்பும் உருளையும் அரைக்கோளமும் ஒன்றின் மேல் ஒன்று ஏறி நிற்கும். தாளில் தட்டையாகக் கிடந்த உருவங்களுக்கு அங்கே வேலையில்லை. பொதுத்தேர்வு வரும்போது பையன் அரைவட்டம் ஒட்டிய தோட்டத்தை மறந்திருப்பான்.

இலங்கையில் இணைகரம், சரிவகம், வட்டம் ஆகியவற்றின் பரப்பளவு ஒன்பதாம் தரத்தில். பத்தாம் தரத்தில் ஆரைச்சிறையோடு சேர்ந்த கூட்டுத் தளவுருக்கள். அதன் பிறகும் அது பிள்ளையை விடுவதில்லை. சாதாரண தரப் பரீட்சையின் முதல் கணித வினாத்தாளில் இரண்டாம் பகுதி என்று ஐந்து கட்டமைப்பு வினாக்கள் உண்டு. அவற்றில் ஒன்று பெரும்பாலும் செவ்வகமும் ஆரைச்சிறையும், அல்லது அரைவட்டமும் முக்கோணியும் கலந்த ஒரு காணி. கடந்தகால வினாத்தாள்களைக் கட்டுக்கட்டாகச் செய்யும் பிள்ளைக்கு அந்தக் காணி சொந்த வளவு மாதிரிப் பழகிப்போயிருக்கும்.

சொற்களைப் பற்றி ஒரு வார்த்தை. முக்கோணம் அங்கே முக்கோணி, நாற்கரம் நாற்பக்கல், ஆரம் ஆரை, கர்ணம் செம்பக்கம். நாம் நிழலிட்ட பகுதி என்போம், அவர்கள் நிழற்றப்பட்ட பகுதி. எங்கள் பையனுக்கு ஆரைச்சிறை என்றதும் ஜெயில் ஞாபகம் வந்து சிரித்துவிட்டான். சிறை என்றால் சிறகு என்றும் பொருள் உண்டு என்று சொல்லி, இரண்டு ஆரைகளுக்கு நடுவே விரியும் ஒரு சிறகை வரைந்து காட்டினேன். வட்டக்கோணப்பகுதி என்பது விளக்கம். ஆரைச்சிறை என்பது பெயர். என் ஓட்டு பெயருக்கே.

மறுநாள் அவள் தன் பங்குக்கு ஒரு கேள்வி போட்டாள். தோட்டம் அதேதான். “அரைவட்டத்தின்ர பரப்பளவுக்குச் சமனா ஒரு செங்கோண முக்கோணியை மற்றப் பக்கத்தில சேர்க்கவேணும். எப்பிடி வரும் எண்டு அளவோட கீறிக் காட்டு, தம்பி.”

பையன் திகைத்துப்போய் என்னைப் பார்த்தான். “சார், இதுக்கு ஃபார்முலா எது?”

புது ஃபார்முலா ஒன்றும் தேவையில்லை. அரைவட்டம் 77. முக்கோணத்தின் அடிப்பக்கம் எதிர்ப்பக்கத்து 14 மீட்டர். அதில் பாதி 7. 7ஐ எதனால் பெருக்கினால் 77? உயரம் 11 மீட்டர். ஆனால் கணக்கு அங்கே முடியவில்லை. செங்கோணம் எந்த மூலையில் வரவேண்டும்? 20 மீட்டர்க் கோடு 11 மீட்டர் நீண்டு 31 ஆகிறது. அதன் நுனியிலிருந்து மறு மூலைக்கு ஒரு சாய்கோடு. இதைக் கீறத் தெரிந்தவனுக்குத்தான் பரப்பளவு என்பது என்னவென்று தெரிந்திருக்கிறது என்பேன். பாதி, பெருக்கல், கூட்டல் எல்லாவற்றையும் மனப்பாடத்தில் ஓட்டிவிடலாம். பரப்பளவைக் கையில் கொடுத்து உருவத்தைத் திருப்பிக் கேட்டால் மனப்பாடம் படுத்துவிடும்.

அந்த ஊர் வினாத்தாளில் இந்தத் திருப்பிக் கேட்கும் பழக்கம் வேரூன்றியிருக்கிறது. இன்ன வடிவப் பகுதியைச் சேர்க்க வேண்டும், தரப்பட்ட உருவில் அளவுகளோடு வரைந்து காட்டு என்று கடைசிப் பகுதி வரும். நம் புத்தகப் பயிற்சிகள் பெரும்பாலும் விடையை நோக்கி ஒரே திசையில் ஓடுகின்றன. நாம் கடன் வாங்கத் தகுந்தது இது ஒன்றுதான் என்றாலும் வாங்கலாம்.

சுற்றளவில் இரண்டு கரைக்கும் ஒரே நோய். செவ்வகமும் அரைவட்டமும் சேரும் இடத்துக் கோடு படத்தில் தெரிகிறது. தெரிந்ததையெல்லாம் பிள்ளைகள் கூட்டிவிடுவார்கள். 20, 20, 14, வளைவு 22 ஆக 76 மீட்டர் என்பதே சரி. உள்ளே கிடக்கும் 14ஐயும் சேர்த்து 90 என்றான் பையன். “அந்தக் கோடு உள்ளுக்கை நிக்குது, வேலி அதில போகேலாது” என்றாள் அவள். நான் வழக்கமாகச் சொல்வது, எறும்பு வெளியே சுற்றி வருகிறது என்று. வேலி இன்னும் நன்றாகப் பொருந்துகிறது. யாழ்ப்பாணத்துப் பிள்ளைக்கு வேலி என்றால் என்னவென்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அவளும் ஓரிடத்தில் சறுக்கினாள். தோட்டத்துக்கு வெளியே 1 மீட்டர் அகலத்தில் பாதை போட்டால்? (அரைவட்டத்தை விட்டுவிட்டு, செவ்வகத்துக்கு மட்டும்.) 21 பெருக்கல் 15 என்று ஆரம்பித்தாள். பாதைக் கணக்கில் எங்கள் பையன் புலி. “அக்கா, ரெண்டு பக்கமும் ஒண்ணு ஒண்ணு கூடும்” என்று 22 பெருக்கல் 16, 352, அதில் 280 போக 72 என்று முடித்தான். ஏழாம் வகுப்புப் புத்தகம் பெரிய எல், பெரிய பி, சின்ன எல், சின்ன பி என்று அவனுக்கு ஊட்டியிருந்தது. எனக்கு அந்த எழுத்துச் சூத்திரத்தின் மேல் பெரிய மதிப்பில்லை. பாதையை நான்கு கீற்றாக வெட்டினால் 22, 22, 14, 14, அதே 72. சின்னப் பிள்ளைக்குக்கூடப் புரியும். ஆனாலும் பெரியதிலிருந்து சிறியதைக் கழிக்கும் பழக்கத்தைத் தமிழ்நாட்டுப் புத்தகம் அவன் கைக்குக் கொண்டுவந்திருக்கிறது என்பதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

மத்தியப் பாடத்திட்டப் பிள்ளைகளின் கதை வேறு. அவர்களின் பத்தாம் வகுப்பில் தள உருவச் சேர்க்கைகளின் பரப்பளவு என்றே ஒரு பகுதி இருந்தது. கொரோனாவுக்குப் பிறகு 2022இல் சுமையைக் குறைக்கிறோம் என்று புத்தகத்தை வெட்டியபோது அதுவும் போய்விட்டது. நிழலிட்ட பகுதியை முறைத்துப் பார்த்து உட்கார்ந்திருப்பது சுமை என்று நான் நினைத்ததே இல்லை. போகட்டும்.

நிலம் அளப்பவர்களுக்கு இது பள்ளிக்கூடப் பாடமே இல்லை, பிழைப்பு. நம் சர்வேயர்களின் புல வரைபடத்தைப் பார்த்தால், கோணல்மாணலான புலத்துக்குக் குறுக்கே ஒரு கோடு, அதிலிருந்து ஒவ்வொரு மூலைக்கும் செங்குத்தாகச் சின்னக் கோடுகள் என்று புலம் முழுக்க முக்கோணமும் சரிவகமுமாகப் பிரிந்து கிடக்கும். எட்டாம் வகுப்புக் கூட்டு வடிவம் வேட்டி கட்டிக்கொண்டு வயலுக்குப் போனால் அப்படித்தான் இருக்கும்.

அவள் ஊருக்குத் திரும்பும் முன், கூட வந்திருந்த தாத்தா திண்ணைக்கு வந்தார். கொப்பியில் முக்கோணியும் சேர்ந்து 434 சதுர மீட்டராக நின்ற தோட்டத்தைக் கண்ணாடியை உயர்த்திப் பார்த்தார். “அது எத்தினை பரப்புப் பிள்ளை?” என்று கேட்டார்.

பையனுக்கு விளங்கவில்லை. பரப்பு என்றால் யாழ்ப்பாணத்தில் நில அளவு. 10 பேர்ச்சஸ் ஒரு பரப்பு, 16 பரப்பு ஓர் ஏக்கர் என்று அவள் சொன்னாள். இங்கே 100 சென்ட் ஓர் ஏக்கர் என்று அவன் சொன்னான். இரண்டு பேரும் அவரவர் தாளில் வகுக்க உட்கார்ந்தார்கள். “பதினோரு சென்ட்டுக்குக் கொஞ்சம் கம்மி” என்றான் பையன். அவள் இன்னும் ஒரு தரம் சரிபார்த்துவிட்டு, “ஒண்டே முக்கால் பரப்புக்குக் கிட்ட வருது, தாத்தா” என்றாள்.

“கிணறு கட்ட இடம் காணும்” என்றார் அவர்.