வால்வு ஹார்மோனிகாவும் கமகமும்

வால்வு டயடோனிக் ஹார்மோனிகா என்பது பத்துத் துளைகள் கொண்ட மவுத் ஆர்கனின் ஒரு வகை. இதில் சில ரீடுகளின் பிளவுகள் மீது மெல்லிய பிளாஸ்டிக் வால்வுகள் ஒட்டப்பட்டிருக்கும். சாதாரணக் கருவியில் அசையாமல் நிற்கும் ஸ்வரங்களை இதில் வளைத்து இறக்கலாம். எனவே கமகத்தை உயிராகக் கொண்ட கர்நாடக இசைக்கு இது பொருந்துமா என்ற கேள்வி எழுகிறது.

பின்னணி

மேலைக் கருவிகள் கர்நாடக இசைக்குள் வந்ததற்கு முன்மாதிரி வயலின். முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் மணலியில் வாழ்ந்தபோது ஓர் ஐரோப்பியரிடம் அதைக் கற்றார். திருவள்ளூர் மாவட்டத்தில் இருந்த மணலி 2011-இல் சென்னை மாநகராட்சியுடன் இணைக்கப்பட்டது. வயலினில் விரல் வழுக்கிச் செல்லும். ரீடு கருவியில் அது இயலாது. கமகம் வராது என்பது ஆர்மோனியத்தின் மீதான முக்கியக் குற்றச்சாட்டு. அகில இந்திய வானொலி 1940-இல் அதற்குத் தடை விதித்து, 1971-இல்தான் தளர்த்தியது.

அமைப்பு

ஒவ்வொரு துளையிலும் ஊதினால் ஒரு ரீடும், உறிஞ்சினால் மற்றொரு ரீடும் ஒலிக்கும். சாதாரணக் கருவியில் இவ்விரண்டில் உயர்ந்த ஸ்வரம் மட்டுமே வளையும்: முதல் ஆறு துளைகளில் உறிஞ்சும் ஸ்வரம், கடைசி நான்கில் ஊதும் ஸ்வரம். அதே ரீடுகளின் பிளவுகளில் வால்வு ஒட்டினால், எதிர்த்திசையில் காற்று கசியாது. முழுக் காற்றும் தாழ்ந்த ரீடுக்குச் செல்வதால் அதுவும் வளைகிறது. ஆனால் 'ஓவர்புளோ' என்னும் உத்தியை இதற்காக இழக்க வேண்டும்.

இராகங்களில் பயன்

ஒரு கட்டைக் கருவியின் நடு ஸ்தாயி சங்கராபரணம். மோகனத்தின் ஐந்து ஸ்வரங்களில் ஸ, க, ப மூன்றும் ஊதும் ஸ்வரங்கள். சாதாரணக் கருவியில் இவை விறைத்து நிற்கும். வால்வு இருந்தால் அசையும். ஏழாம் துளையின் நிஷாதத்தை இறக்கினால் ஹரிகாம்போஜி கிடைக்கிறது.

தோடியில் நிலைமை வேறு. சங்கராபரணத்தின் காந்தாரத்தை ஸட்ஜமாகக் கொண்டு கிரகபேதம் செய்தால் எதையும் வளைக்காமலே தோடியின் ஏழு ஸ்வரங்களும் வந்துவிடும். ஆனால் ஸ்வரம் வருவதும் இராகம் வருவதும் ஒன்றல்ல. தோடியின் காந்தாரம் ரிஷபத்துக்கும் மத்தியமத்துக்கும் இடையே ஊசலாடுவது. இங்கே காந்தாரம் ஊதும் ஸ்வரம், மத்தியமம் உறிஞ்சும் ஸ்வரம். மூச்சின் திசை மாறும் இடத்தில் தொடர்ச்சி அறுந்துபோகிறது.

மதிப்பீடு

வால்வு வளைவு கீழ்நோக்கி மட்டுமே செல்லும், பெரும்பாலும் ஒரு ஸ்வரஸ்தான அளவே எட்டும், நாதமும் மெலியும். ஆகவே ஆர்மோனியத்தின் மீதான பழைய குற்றச்சாட்டுக்கு இக்கருவி பாதி விடையே தருகிறது. மெல்லிய அசைவு போதுமான இராகங்களில் இது நியாயமான துணை. கனத்த கம்பிதம் கேட்கும் இராகங்களை இதில் முழுமையாக வாசிக்கலாம் என்பது மிகை.

தேர்வு

இரண்டு வரிசைத் துளைகள் கொண்ட டிரெமோலோ வகை வளைப்பதற்கு ஏற்றதல்ல. சுசுகியின் புரோமாஸ்டர் வரிசையில் வால்வுடனே வரும் மாதிரி உண்டு. வாசிக்கும்முன் கருவியைக் கையில் வைத்துச் சூடேற்ற வேண்டும். இல்லாவிட்டால் மூச்சின் ஈரம் படிந்து வால்வு ஒட்டிக்கொண்டு படபடக்கும். வால்வை நம்பி முதலிலேயே வாங்குவதைவிட, சாதாரணக் கருவியில் உறிஞ்சி வளைக்கப் பழகியபின் இதற்கு மாறுவதே மாணவருக்கு நல்லது. வளைந்த ஸ்வரத்தைச் சுருதியில் நிறுத்துவது வால்வின் வேலையல்ல, காதின் வேலை.