செஞ்சியைத் தேடினால் செஞ்சிலுவை வருகிறது

ஒரு சொற்பட்டியலை உரையோடு பொருத்த பெர்ல் மொழியில் எல்லோரும் சொல்லும் வழி ஒன்றுதான். சொற்களை நேர்கோடு (|) போட்டு இணை, இரண்டு பக்கமும் சொல் எல்லைக் குறி வை, ஒரே தடவை கம்பைல் பண்ணு. ஆங்கிலத்துக்கு நல்ல யோசனை. தமிழுக்குப் பாதிதான் உதவும்.

வேகத்தைப் பற்றிய கவலை பழசாகிவிட்டது. 2007-இல் பெர்ல் 5.10 வரும்வரை, எஞ்சின் ஒவ்வொரு இடத்திலும் பட்டியலை வரிசையாக முயன்று பார்க்கும். அதற்குப் பிறகு, வெறும் சொற்களாக இருந்தால் அதுவே 'ட்ரை' என்ற மரமாக மாற்றிக்கொள்கிறது. பொதுவான தொடக்கத்தை ஒரு முறைதான் பார்க்கிறது. வரிசை மட்டும் நம் பொறுப்பு. எல்லைக் குறி இல்லாமல் செஞ்சி|செஞ்சிக்கோட்டை என்று எழுதினால் முன்னால் நிற்பதுதான் ஜெயிக்கும். நீளமானதை முதலில் வைக்கணும்.

செஞ்சியைப் பற்றிச் சேர்த்து வைத்த கட்டுரைகளில் ஊர்ப்பெயர்களை எண்ண உட்கார்ந்தேன். முதல் விடை பூஜ்யம். கோப்பை யூனிகோடாக டீகோட் செய்யாததால் பெர்லுக்குத் தமிழ் வெறும் பைட்டுகள். எல்லை என்பதே தெரியவில்லை. அதைச் சரிசெய்ததும் செஞ்சி வந்தது; செஞ்சியில், செஞ்சிக்கு எதுவும் வரவில்லை. தேசிங்கு ராஜன் 1714-இல் மோதியது ஆற்காட்டு நவாபோடு. என் பட்டியலில் இருந்ததோ 'ஆற்காடு'. அந்தப் போர்ப் பக்கங்கள் முழுக்கத் தப்பிவிட்டன. திண்டிவனத்துக்கும் அதே கதி.

சரி, பின்பக்க எல்லையை எடுத்துவிடலாமே என்றால், செஞ்சிலுவைச் சங்கம் முழுசாக உள்ளே வந்துவிட்டது! செஞ்சி(?!லுவை) என்று தடுத்தேன். 'திண்டிவன' என்று வெட்டி வைத்தால் திண்டிவனமும் கிடைக்கும், திண்டிவனத்திலும் கிடைக்கும். ஆற்காட்டுக்கு இரண்டு வடிவங்களையும் எழுதித்தான் ஆகணும். 'கோட்டை'யில் உள்ள ஓகாரக் குறி சில கோப்புகளில் ஒரே குறியீடு, சிலவற்றில் இரண்டு. கண்ணுக்கு ஒன்றுதான், எஞ்சினுக்கு வேறு. முதலிலேயே இயல்பாக்கிவிடணும்.

வேகம் பற்றியே பேசும் குறிப்புகள் மேல் என் புகார் இதுதான்: பட்டியல் சரியானது என்று எடுத்துக்கொள்கின்றன. தமிழில் உழைப்பே பட்டியலில்தான். தப்பான எண்ணிக்கை வேகமாக வந்து என்ன பயன்?

கடைசியாக, கிருஷ்ணகிரி. செஞ்சிக் கோட்டையின் ஒரு மலை. தனி மாவட்டத்தின் பெயரும் அதுவே. இதை எந்த ரெஜெக்ஸும் பிரிக்காது. அந்த வரிகளை மட்டும் கண்ணால் படித்தேன்.